கண்கட்டிக்கு வெந்நீர் ஒத்தடம்: என் அனுபவம்

தை மாதம் மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுவடை. மெஷின் இறங்கிவிட்டால் ஊரெல்லாம் நெல் சுணைதான். கண் அரிக்கும், கை தானாகப் போய்த் தேய்க்கும். எனக்கு வலது மேல் இமை வீங்கியது அப்போதுதான். முடிக்காலை ஒட்டி அரிசி அளவில் சிவந்த முனை, தொட்டால் வலி. கண்கட்டி. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டுக் கிருமி சேர்வதால் வருவது.

நாமக்கட்டி இழைத்துப் போடச் சொன்னார் பக்கத்து வீட்டு அத்தை. காய்ந்தால் தூள் கண்ணுக்குள் உதிரும் என்பதால் நான் போடவில்லை. துவைத்த வேட்டித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டில் சூடு பார்த்து, மூடிய இமைமேல் 10 நிமிடம் வைத்தேன். ஆற ஆற மறுபடி நனைக்க வேண்டும்; ஆறிய துணியால் பயனே இல்லை. தினமும் 3, 4 முறை. சில நாளில் தானாக உடைந்து வடிந்தது. தயவுசெய்து பிதுக்காதீர்கள், கிருமி பரவும். மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டும் வேண்டாம்.

அரிப்போடு இரண்டு இமையும் உப்பினால் பெரும்பாலும் ஒவ்வாமை; அதற்குக் குளிர்ந்த ஒத்தடம். முகமும் காலும் சேர்ந்து வீங்கினால் சிறுநீரகப் பரிசோதனை அவசியம். காய்ச்சல், பார்வை மங்கல், விழியை அசைத்தால் வலி என்றால் அன்றே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

இப்போதெல்லாம் களத்துக்குக் கண்ணாடி போட்டுத்தான் போகிறேன். வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய அப்புறம்தான் முகத்தைத் தொடுவது. துண்டும் எனக்குத் தனி.