ஆப்பிள் எப்படி முந்துகிறது: கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிள் தன் போட்டியாளர்களை எப்படி முந்துகிறது என்று கேட்டால் அழகான வடிவமைப்பு, மேடை அறிமுகம், ஸ்டீவ் ஜாப்ஸ் என்ற மூன்று பதில்கள் உடனே வந்து விழும். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் இவற்றை மட்டும் வைத்துத் திட்டம் போட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். இடைவெளி விழுவது வேறு இடத்தில்: உதிரிப்பாகத்துக்கு முன்பணம் கட்டும்போது, சிறிய சிப் நிறுவனம் ஒன்றை வாங்கும்போது, நன்றாக விற்கும் மாடலைத் தானே நிறுத்தும்போது. பொருள் கடைக்கு வரும் நாளில் பந்தயம் பாதிக்கு மேல் முடிந்திருக்கும்.

வெளியீட்டு நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது

மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன. 2020 நவம்பரில் ஆப்பிளே வடிவமைத்த எம்1 சிப்புடன் மேக் கணினிகள் வந்தபோது பலருக்கும் அது திடீர்த் திருப்பமாகத் தெரிந்தது. அதன் வேர் 2008 ஏப்ரலில் இருக்கிறது. பி.ஏ. செமி என்ற சிப் வடிவமைப்பு நிறுவனத்தை ஆப்பிள் 27.8 கோடி டாலருக்கு வாங்கியது அப்போதுதான். 2010-ல் முதல் ஐபேடில் ஏ4 சிப் வந்தது. 2012-ல் ஐபோன் 5-க்குள் ஆப்பிளே வடிவமைத்த கோர் (சிப்பின் கணக்கிடும் பகுதி) கொண்ட ஏ6. 2013-ல் ஐபோன் 5எஸ்-ல், ஒரே தடவையில் அதிகத் தரவைக் கையாளும் 64 பிட் ஏ7. ஆண்ட்ராய்டில் 64 பிட் ஆதரவு 2014 இறுதியில் வந்த 5.0 பதிப்பில்தான் கிடைத்தது. பி.ஏ. செமியிலிருந்து எம்1 வரை 12 ஆண்டுகள். அந்த வடிவமைப்பு ஒவ்வோர் ஆண்டும் கோடிக்கணக்கான போன்களில் ஓடித் தேறிய பிறகே மடிக்கணினிக்குப் போனது. எம்1-ஐப் பார்த்த பிறகு ஆள் எடுக்கத் தொடங்கிய நிறுவனம் பிந்தியது 12 மாதம் என்று நினைத்தால், கணக்கே தப்பு.

இதைத் தவிர்க்கப் பின்னோக்கி எண்ண வேண்டும். ஒரு வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டாயம் தேவைப்படும் மூன்று நான்கு பாகங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்தத் திறமை நிறுவனத்துக்குள் வந்த தேதியைக் குறியுங்கள். ஐபோன் 2007-ல் வந்தது. அதன் பல விரல் தொடுதலுக்கு உதவிய ஃபிங்கர்வொர்க்ஸ் 2005-லேயே வாங்கப்பட்டுவிட்டது. கைரேகை உணரி 2013-ல் வந்தது. அதற்கான ஆதென்டெக்கை 2012-ல் 35.6 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். தேதிகளை இப்படி வரிசையாக எழுதினால், போட்டியாளர் எந்த ஆண்டில் தூங்கினார் என்பது பளிச்சென்று தெரியும்.

முன்பணத்தின் பலத்தை மறப்பதும், அதை மந்திரமாக நினைப்பதும்

2005 செப்டம்பரில் ஐபாட் நானோ என்ற சிறிய பாட்டுக் கருவி வந்தது. அதிகம் விற்றுக்கொண்டிருந்த ஐபாட் மினியை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தார்கள். மினிக்குள் இருந்தது சின்னஞ்சிறு ஹார்ட் டிஸ்க். நானோவில், சுழலும் தட்டு இல்லாத ஃபிளாஷ் நினைவகம். ஹார்ட் டிஸ்க் போனதால்தான் அந்த ஒல்லி உடம்பு சாத்தியமானது. அதே ஆண்டு நவம்பரிலேயே ஹைனிக்ஸ், இன்டெல், மைக்ரான், சாம்சங், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்களுடன் 2010 வரை ஃபிளாஷ் வாங்க ஒப்பந்தம் போட்டு, அதற்கு 125 கோடி டாலர் முன்பணமும் தருவதாக ஆப்பிள் அறிவித்தது. நானோவின் வடிவத்தை யாரும் நகல் எடுக்கலாம். அந்த அளவில், அந்த விலையில் ஃபிளாஷ் கிடைக்க வேண்டுமே! இதில் வடிவமைப்பாளருக்கு இருக்கும் பங்கு கொள்முதல் பிரிவுக்கும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆனால் பணத்தைக் கட்டினால் போதும் என்று நினைக்கவும் கூடாது. 2013-ல், எளிதில் கீறல் விழாத சபையர் கண்ணாடிக்காக ஜி.டி. அட்வான்ஸ்டு டெக்னாலஜிஸ் நிறுவனத்துக்கு 57.8 கோடி டாலர் முன்பணம் தருவதாக ஆப்பிள் ஒப்புக்கொண்டது. தேவையான அளவும் தரமும் கிடைக்கவில்லை. 2014 அக்டோபரில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. ஐபோன் 6-ன் திரை சபையர் இல்லாமலே வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபிளாஷ் ஏற்கெனவே ஆலைகளில் பெருமளவில் ஓடிக்கொண்டிருந்த தொழில்நுட்பம். விற்பவர் ஐந்து பேர். சபையரில் அந்த அளவு உற்பத்தி அதுவரை நிரூபிக்கப்படவில்லை. முழுச் சுமையும் ஒரே நிறுவனத்தின் தலையில். முன்பணத்தால் இருக்கும் உற்பத்தியை வளைத்துப் பிடிக்கலாம். இல்லாத உற்பத்தியை அது பிறப்பித்துவிடாது.

முதலில் வந்தவரே வெல்வார் என்று நம்புவது

எம்பி3 பிளேயர்கள் 1998-லேயே கடைக்கு வந்துவிட்டன. ஐபாட் அறிமுகமானது 2001 அக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் மாறியவை இரண்டு பாகங்கள். ஒன்று, தோஷிபாவின் 1.8 அங்குல, 5 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். இன்னொன்று ஃபயர்வயர் இணைப்பு. அன்று பரவலாக இருந்த யு.எஸ்.பி. 1.1-ன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். அதில் 5 ஜி.பி.யை நிரப்ப, தடங்கலே இல்லாவிட்டாலும் 55 நிமிடம் ஆகும். நடைமுறையில் இன்னும் நீளும். ஃபயர்வயரின் உச்சம் 400 மெகாபிட். ஆயிரம் பாடல்கள் பத்து நிமிடத்துக்குள் ஏறிவிடும் என்று ஆப்பிள் சொன்னது. கருவியைப் பற்றிப் பேசுபவர்கள் சக்கரத்தையும் வெள்ளை நிறத்தையும் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் காத்திருக்க வைக்கும் பெட்டியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், மக்கள் அலமாரியில் போட்டிருப்பார்கள்.

இதைத் திருப்பிப் போட்டு, தாமதமே நல்லது என்று சொல்வதும் தவறு. பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் ஒலிபெருக்கியான அமேசான் எக்கோ 2014-ல் வந்தது. அதே வகையில் ஆப்பிளின் ஹோம்பாட் 2018-ல், 349 டாலர் விலையில் வந்தது. முதல் மாடலை 2021-ல் நிறுத்திவிட்டார்கள். காத்திருந்த காலத்தில் எந்தப் பாகம், எந்த வேகம் கைக்கு வந்தது என்று கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் அது வெறும் தாமதம்.

ஆராய்ச்சிச் செலவை மட்டும் ஒப்பிடுவது

ஐபோன் வந்த 2007 நிதியாண்டில் ஆப்பிள் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது 78.2 கோடி டாலர். அதே நிதியாண்டில் மைக்ரோசாஃப்டின் செலவு 700 கோடி டாலருக்கு மேல். எனவே தொகையைப் பார்ப்பதைவிட, அது எத்தனை பொருளுக்குப் பங்கு பிரிகிறது என்று பாருங்கள். 1997-ல் திரும்பி வந்த ஜாப்ஸ், மேசைக் கணினி, மடிக்கணினி, வீட்டுப் பயனர், தொழில்முறைப் பயனர் என்று நான்கு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு பொருள் போதும் என்று மற்றவற்றை வெட்டினார். 2012 வரை ஆண்டுக்கு ஒரு புதிய ஐபோன்தான். ஒரே சிப் குடும்பம் போன், டேப்லெட் என்று பல பொருள்களில் ஓடுவதால் ஒரு முறை செய்த செலவு பல முறை பலன் தருகிறது. பொருளுக்குப் பொருள் தனி லாப நஷ்டக் கணக்கு வைத்த பிரிவுகளும் அங்கே இல்லை; அதனால் ஐபோன் ஐபாடின் விற்பனையைத் தின்றபோது தடுக்க எந்தப் பிரிவுத் தலைவருக்கும் காரணம் இருக்கவில்லை.

கடையை நகலெடுப்பது

ஆப்பிளைப் போலவே, கணினி விற்ற கேட்வே நிறுவனத்துக்கும் சொந்தக் கடைகள் இருந்தன; கணினியைப் பார்த்து ஆர்டர் கொடுக்கலாம், ஆனால் அது பிறகுதான் வீட்டுக்கு வரும். 2004-ல் எஞ்சியிருந்த 188 கடைகளையும் மூடினார்கள். ஆப்பிள் கடைகளை வளர்த்த ரான் ஜான்சன் 2011 நவம்பரில் ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கப் பல்பொருள் கடைத் தொடருக்குத் தலைவராகப் போய், கூப்பன்களையும் தள்ளுபடியையும் எடுத்தார். 2012 நிதியாண்டில் விற்பனை 25 சதவீதம் சரிந்தது. வேறெங்கும் எளிதில் கிடைக்காத பொருள் உள்ளே இருந்தால்தான் நிலையான விலை தாங்கும்.

சரக்கு நாள் கணக்கில் ஏமாறுவது

ஆண்டறிக்கை படிப்பவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. சரக்கு மதிப்பை ஆண்டு விற்பனைச் செலவால் (விற்ற பொருள்களின் அடக்கச் செலவால்) வகுத்து 365-ஆல் பெருக்கினால், கையிருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்று தெரியும். ஆப்பிளின் 2023 நிதியாண்டில் சரக்கு 633 கோடி டாலர், விற்பனைச் செலவு 21,414 கோடி டாலர். விடை சுமார் 11 நாள். இதைப் பார்த்து, தானும் 11 நாள் சரக்கில் ஓடலாம் என்று முடிவெடுத்தால் முதல் தட்டுப்பாட்டிலேயே உற்பத்தி நின்றுவிடும். அதே அறிக்கையில் உற்பத்தியாளர்களிடமிருந்து வர வேண்டிய வர்த்தகமல்லாத வரவு என்று இன்னொரு வரி இருக்கிறது: 3,148 கோடி டாலர். ஆப்பிள் பாகங்களை வாங்கி, பொருளை ஒன்றுசேர்த்துத் தரும் ஒப்பந்த நிறுவனங்களுக்கு விற்கிறது. அந்தப் பணம் திரும்பி வரும்வரை இந்த வரியில் நிற்கும். அதாவது சரக்கு மறைந்துபோகவில்லை, வேறொருவர் கூரையின் கீழ் இருக்கிறது. இந்தத் தொகை ஆப்பிளின் சொந்தச் சரக்கைப் போல கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.