ஜெர்மனி ப்ளூ கார்டு: விமானம் இறங்கியதிலிருந்து அட்டை கைக்கு வரும்வரை

விசா ஒட்டிய பாஸ்போர்ட்டோடு ஜெர்மனியில் நான் இறங்கியது 2024 ஜனவரியில். ப்ளூ கார்டு, அதாவது பட்டதாரிகள் இங்கே தங்கி வேலை செய்யத் தரும் அனுமதி அட்டை, கைக்கு வந்தது அக்டோபரில். ஒழுங்காகச் செய்திருந்தால் நாலு மாதத்தில் முடிந்திருக்கும். மீதி ஐந்தாறு மாதம் தண்டம். பாதி என் சோம்பேறித்தனம், பாதி ஒரு தாளைப் படிக்காமல் மடித்துப் பையில் வைத்தது.

வேலை தேடுவது, சென்னையில் விசா எடுப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும்: கான்ட்ராக்டில் உள்ள ஆண்டுச் சம்பளத்தைப் பார்த்துவிடுங்கள். 2025-ல் ப்ளூ கார்டுக்கான குறைந்தபட்ச வரம்பு 48,300 யூரோவாக இருந்தது. ஐடி, மருத்துவம், பொறியியல் போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கும், படித்து முடித்து மூன்று வருடம் ஆகாதவர்களுக்கும் 43,759.80 யூரோ. ஜனவரிக்கு ஜனவரி இது ஏறும். அப்புறம், வெளிநாட்டுப் பட்டங்கள் இங்கே செல்லுமா என்று பார்க்கும் அனாபின் தளத்தில் உங்கள் கல்லூரிப் பெயரைத் தேடி "இல்லையே" என்று பதறாதீர்கள். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேட வேண்டும். எச் பிளஸ் (அங்கீகரிக்கப்பட்டது) என்று இருந்தால், அந்தப் பக்கத்தையும் உங்கள் பட்டத்துக்கான பக்கத்தையும் பிடிஎஃப் ஆக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விசாவுக்குக் கொடுத்ததைத்தான் இங்கேயும் மறுபடி கேட்பார்கள்.

படி 1: முகவரிப் பதிவு

இங்கே இதை ஆன்மெல்டுங் என்பார்கள். குடிபோன இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் பதிய வேண்டும். இது இல்லாமல் வரி எண் வராது, ப்ளூ கார்டு விண்ணப்பமும் நகராது.

வாடகை ஒப்பந்தம் இருக்கிறதே, போதும் என்று நினைத்துப் போனேன். போதாது. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிப் படிவம் ஒன்று வேண்டும். பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, எழுதிக் காட்டினால் போதும். ஒரே பக்கம்தான்: வீட்டுக்காரர் பெயர், வீட்டு முகவரி, குடிவந்த தேதி, குடியிருப்பவர்கள் பெயர். அது இல்லாததால் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த டெர்மின் (நேரம் குறித்த சந்திப்பு) மூன்று வாரம் கழித்து.

வந்தவுடன் தங்க அறை பிடிக்கும்போதே "இந்தப் படிவம் தருவீர்களா?" என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். குறுகிய கால வாடகைக்கு விடும் பலர் தர மாட்டார்கள். வாடகை நூறு யூரோ கூடினாலும் தருகிறவரிடமே போங்கள் என்பது என் கட்சி.

படி 2: தபால் பெட்டி

சிரிக்காதீர்கள், இதுவும் ஒரு படிதான். இங்கே தபால்காரர் வீட்டு எண்ணை மட்டும் பார்த்துப் போடுவதில்லை, பெட்டியில் ஒட்டிய பெயரையும் பார்ப்பார். உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். என் வரி எண் கடிதம் அப்படித்தான் போனது. அது இல்லாததால் வேலை செய்யும் அலுவலகத்தில், மிக அதிகமாக வரி பிடிக்கும் ஆறாம் வகுப்பில் பிடித்தார்கள். முதல் பேஸ்லிப்பைப் பார்த்து, ஊரிலேயே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. பிற்பாடு சரிசெய்து திருப்பித் தந்துவிட்டார்கள் என்றாலும் அந்த மாதம் தயிர்சாதம்தான். பதிவு முடிந்த அன்றே ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கள். அழகான அச்சு அட்டைக்குக் காத்திருக்க வேண்டாம்.

படி 3: விண்ணப்பம்

அதே வாரத்தில், விசா முடிய எத்தனை மாதம் இருந்தாலும் சரி, வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். சில ஊர்களில் இணையத்தில், சில ஊர்களில் மெயிலில், சில ஊர்களில் டெர்மின் எடுத்து நேரில். பாஸ்போர்ட், விசா, கான்ட்ராக்ட், கடைசி மூன்று பேஸ்லிப் (அவ்வளவு சேரவில்லையென்றால் இருப்பதை), முகவரிப் பதிவுச் சான்று, காப்பீட்டு நிறுவனம் தரும் உறுப்பினர் சான்று, பட்டச் சான்றும் அனாபின் பக்கங்களும். கட்டணம் நூறு யூரோ வரை.

காப்பீட்டில் எது நல்லது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். நான் டெக்னிக்கர் வைத்திருக்கிறேன், ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக. ஸ்கேன் செய்ய எந்தச் செயலியும் ஆகும், ஆனால் கோப்புகளுக்குப் பெயர் ஜெர்மனில் வையுங்கள். 'ஐஎம்ஜி 4471' என்று ஏழு படம் அனுப்பினால் திறந்து பார்க்க அவர்களுக்கும் மனம் வராது.

நான் இதை மே 15 அன்றுதான் செய்தேன். விசா ஜூன் 30 வரை.

படி 4: இடைக்காலத் தாள்

நான் குப்புற விழுந்த இடம் இது. விண்ணப்பித்ததும் "கிடைத்தது" என்று தானாக ஒரு மெயில் வந்தது. அது போதும் என்று இருந்துவிட்டேன். ஜூன் 30 போனது, ஜூலையும் போனது. ஆவணியில் தங்கை கல்யாணம், டிக்கெட் போட்டாகிவிட்டது. மதியச் சாப்பாட்டின்போது உடன் வேலை செய்யும் ஒருவர் கேட்டார்: "ஃபிக்ஷியோன்ஸ்பெஷைனிகுங் வாங்கிட்டீங்களா?" அந்த வார்த்தையை நான் கேட்டதே அன்றுதான்.

விஷயம் இதுதான். விசா முடிவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய விசா தொடர்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே நான் சட்டப்படி இருந்தேன், வேலையும் செய்யலாம். ஆனால் எல்லைக் காவலரிடமும் விமானக் கவுன்டரிலும் அதை நிரூபிக்க ஃபிக்ஷியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இந்த இடைக்காலத் தாள் வேண்டும். கேட்டால்தான் தருவார்கள். கட்டணம் 13 யூரோ.

அவசரம் என்று டிக்கெட்டை இணைத்து மெயில் போட்டு, நேரில் போய் வாங்கினேன். மடிப்பு மடிப்பாக ஒரு தாள். வீட்டுக்கு வந்து இரவு தோசை ஊற்றிக்கொண்டே சும்மா விரித்துப் பார்த்தேன். உள்ளே மூன்று கட்டங்கள்.

முதல் கட்டம்: தங்குவது அனுமதிக்கப்பட்டதாகக் கருதப்படும், குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, உட்பிரிவு 3.
இரண்டாவது: நாடுகடத்தல் நிறுத்திவைக்கப்பட்டதாகக் கருதப்படும், அதே உட்பிரிவு.
மூன்றாவது: இருக்கும் அனுமதி தொடர்வதாகக் கருதப்படும், 81-ஆம் பிரிவு, உட்பிரிவு 4.

வெளியே போய்த் திரும்பி வர மூன்றாவதில்தான் குறி இருக்க வேண்டும். எனக்கு முதல் கட்டத்தில் போட்டிருந்தார்கள். அதாவது ஜெர்மனிக்குள் இருக்கலாம், ஊருக்குப் போனால் இந்தத் தாளை வைத்துத் திரும்ப முடியாது. தோசை கருகிவிட்டது.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். விசாவைக் காட்டி, விண்ணப்பித்த தேதி மெயிலைக் காட்டி, நான்காம் உட்பிரிவு என்று சொன்னதும் எதுவும் பேசாமல் வேறு தாள் அச்சடித்துக் கொடுத்தார் அந்த அம்மா. இரண்டு நிமிடம்தான். ஆகவே தாளைக் கவுன்டரிலேயே விரித்து, மூன்றாவது கட்டத்தைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும்.

திரும்பி வரும்போது சென்னையில் கவுன்டரில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள். முடிந்துபோன விசா, மடித்த ஒரு தாள், அவர்களுக்கும் குழப்பம்தானே. யாருக்கோ போன் போட்டுக் கேட்டபின் விட்டார்கள். விசா உள்ள பாஸ்போர்ட், தாள், கான்ட்ராக்ட் நகல் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். நான் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் எடுத்திருந்தேன். வேறொரு ஐரோப்பிய நாட்டில் இறங்கி மாறினால் இதே பாட்டை அங்கேயும் பாட வேண்டியிருக்கும்.

படி 5: அட்டை

கைரேகை வைத்தபின் பெர்லினில் அச்சாகி வர சில வாரம் ஆகும். அட்டையோடு ஒரு பச்சைத் தாளும் கொடுத்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள், நிபந்தனைகள் அதில்தான் இருக்கும்.

பின்சேர்க்கை, புகைப்படம்: காகிதப் படத்தோடு போய்த் திரும்பி வந்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். 2025 மே 1 முதல் டிஜிட்டல் படம்தான். அலுவலகத்திலேயே 6 யூரோவுக்கு எடுக்கலாம். எந்திரம் இல்லாத அலுவலகமாக இருந்தால், அனுமதி பெற்ற ஸ்டுடியோவிலோ டிஎம் என்ற பல்பொருள் கடையிலோ எடுத்து, அவர்கள் தரும் குறியீட்டைக் கொண்டுபோக வேண்டும். ஊரிலிருந்து எடுத்து வந்த படத்தை அம்மாவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை, பெயர்: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும் நம் ஆட்கள் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். இங்கே குடும்பப் பெயர் இல்லாமல் எந்தப் படிவமும் நகராது. ஒருவருக்கு வங்கியில் அப்பா பெயர் கடைசியில், காப்பீட்டில் முன்னால், பதிவில் வேறு மாதிரி. முகவரிப் பதிவில் எப்படி ஏறியதோ, அதை எழுத்துப் பிசகாமல் எல்லா இடத்திலும் எழுதுங்கள். இனிஷியல் வேண்டவே வேண்டாம்.

பின்சேர்க்கை, வேலை மாற்றம்: முதல் 12 மாதத்துக்குள் மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 30 நாள் நிறுத்திவைத்துப் பரிசீலிக்கலாம். பழைய வேலையை விடுவதற்கு முன்பே எழுதிப் போடுங்கள்.

நிரந்தர அனுமதி எப்போது என்று கேட்டவருக்கு: ஓய்வூதியத் தொகை கட்டி 27 மாதம் வேலை செய்திருந்தால், ஏ1 அளவு (ஆரம்ப நிலை) ஜெர்மனோடு. பி1 (நடுநிலை) இருந்தால் 21 மாதம். நான் இப்போது பி1 வகுப்பில்தான் இருக்கிறேன். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போவதெல்லாம் நமக்குப் பழகினதுதான், வகுப்பில் இருக்கும் மற்றவர்கள்தான் திணறுகிறார்கள். மேசை ஆணா பெண்ணா என்று கேட்கும்போது மட்டும் நானும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறேன்.