பேனர்லார்டில் எந்த அரசில் சேர்வது? தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருக்கியின் அங்காரா நகரைச் சேர்ந்த டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2020 மார்ச்சில் முன்னோட்டமாகவும் 2022 அக்டோபரில் முழுமையாகவும் வெளியிட்ட 'மவுண்ட் அண்ட் பிளேட் 2: பேனர்லார்ட்' என்ற கேம், ஆடுபவரை ஒரு சிறு குலத்தின் தலைவராகக் கால்ராடியா என்ற கற்பனை நிலத்தில் இறக்கிவிடுகிறது. அடிப்படை ஆட்டத்தில் அங்கே எட்டு அரசுகள் இருக்கின்றன. பேரரசர் அரெனிகோஸ் கொலையுண்டபின் மூன்றாக உடைந்த பேரரசின் வடக்கு, மேற்கு, தெற்குப் பகுதிகளும், விளாண்டியா, பட்டானியா, ஸ்டர்ஜியா, குசைத், அசெராய் ஆகியவையும் அவை. இவற்றுள் எதில் சேர்வது என்பதைப் பலரும் படைவீரர்களின் அழகைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியவை அந்த அரசின் எல்லையில் யார் இருக்கிறார்கள் என்பதும், அதன் அவையில் எத்தனை குலங்கள் நிலத்துக்காகக் காத்திருக்கின்றன என்பதும்தான்.

பட்டானியாவின் நெடுவில்லாளரான ஃபியான் சாம்பியன்கள் வேண்டும் என்பதற்காகவே மன்னர் காலடாகிடம் போய் நிற்பது மிகப் பரவலான தவறு. குசைத்தின் குதிரை வில்லாளரான கான்ஸ் கார்டுக்காகக் கிழக்கே ஓடுவதும் அதே வகைதான். இந்த ஆட்டத்தில் ஆள் சேர்ப்பது அரசின் வழியாக அல்ல, ஊர்ப் பெரியவர்களின் வழியாக நடக்கிறது. ஒரு பெரியவருடன் உங்களுக்கு உறவு எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு அதிக ஆட்களை அவரிடமிருந்து எடுக்கலாம். ஃபியான், கான்ஸ் கார்டு போன்ற உயர்குடி வீரர்களாக வளரக்கூடிய இளைஞர்கள் பெரும்பாலும் கோட்டைகளைச் சார்ந்த கிராமங்களில் கிடைப்பார்கள். அந்த அரசுடன் போர் இல்லாத வரையில், நீங்கள் எவர் கொடியின் கீழ் இருந்தாலும் அக்கிராமங்களுக்குப் போய் ஆள் திரட்டலாம். ஆகவே ஃபியான்களை விரும்புபவர் பட்டானியாவில் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பட்டானியாவோடு ஓயாமல் சண்டையிடும் அரசில் சேராமல் இருந்தால் போதும். அவ்வளவு எளிய விஷயத்துக்காக ஓர் அரசின் எல்லாச் சிக்கல்களையும் தலையில் ஏற்றிக்கொள்வது எனக்குப் புரிந்ததே இல்லை.

இதைவிடப் பெரிய விலை கேட்பது வரைபடத்தைப் பார்க்காமல் முடிவெடுப்பது. மூன்று பேரரசுகளும் நிலப்பரப்பின் நடுவில் இருப்பதால், ஒன்றோடொன்று மோதுவது போதாதென்று வெளியரசுகளின் படையெடுப்பையும் தாங்க வேண்டியிருக்கிறது. மேற்குப் பேரரசில் சேர்ந்தவர் தெற்கே ஒரு முற்றுகையில் இருக்கும்போது வடக்கே பட்டானியர் அவருடைய கிராமத்தைக் கொளுத்திக்கொண்டிருப்பார்கள். விளாண்டியாவுக்கு மேற்கே கடல் இருப்பதால் அதன் முதுகு பாதுகாப்பானது. குசைத் கிழக்கு விளிம்பில் இருப்பதோடு, அதன் குதிரைப்படை வேகமாக நகர்வதால் போரைத் தன் விருப்பப்படி தொடங்கவும் விலகவும் முடிகிறது. ஸ்டர்ஜியாவின் நகரங்களோ வடக்கில் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கின்றன. ஒரு முனையில் போரிடும் படை மறு முனைக்கு வந்து சேர்வதற்குள் அங்கே ஒரு கோட்டை கைமாறியிருக்கும். சவாலை விரும்பி ஸ்டர்ஜியாவைத் தேர்ந்தெடுப்பது வேறு, காலாட்படையின் கேடயச் சுவர் நன்றாயிருக்கிறது என்று மட்டும் நம்பித் தேர்ந்தெடுப்பது வேறு.

அடுத்தது, வலிமை மிக்க அரசே நல்ல அரசு என்ற எண்ணம். ஒரு நகரம் கைப்பற்றப்பட்டதும், அதை யாருக்குக் கொடுப்பது என்று வாக்கெடுப்பு நடக்கும். பரிந்துரைக்கப்படும் சில குலங்களில் ஒன்றுக்கு மற்ற குலத்தலைவர்கள் தங்கள் செல்வாக்குப் புள்ளிகளைச் செலவழித்து ஆதரவளிப்பார்கள். மன்னரும் தம் செல்வாக்கைக் கூடுதலாகச் செலவிட்டு அந்த முடிவை மாற்றலாம். ஏற்கெனவே பல குலங்களைச் சேர்த்துக்கொண்டு வெற்றிமேல் வெற்றி காணும் அரசில், முற்றுகையை நடத்தியவர் நீங்களாகவே இருந்தாலும் பட்டியலில் உங்கள் பெயர் வராமல் போகலாம். கொஞ்சம் தோற்றுப்போய், ஆனால் அழியும் நிலைக்குப் போகாமல், குலங்கள் குறைவாக உள்ள அரசில் நிலமில்லாத புதியவருக்கு இடம் எளிதாகக் கிடைக்கும். கிடைத்த உடனே மகிழ்ந்துவிடவும் கூடாது: எல்லையோரக் கோட்டை ஒன்றைப் பெற்றுக்கொண்டு அதன் காவற்படைக்குச் சம்பளம் கொடுத்தே கையிருப்புத் தினார்கள் தீர்ந்துபோனவர்கள் உண்டு.

நிலத்தைப் பற்றிப் பேசும்போது பண்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் தொடக்கத்தில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் பண்பாடும் பின்னால் நீங்கள் சேரும் அரசும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் ஒரு நகரத்தின் பண்பாடும் அதன் உடைமையாளரின் பண்பாடும் வேறுபட்டால், அந்நகரத்தின் விசுவாசம் நாள்தோறும் 3 புள்ளி குறையும். இங்கே கணக்கில் வருவது உங்கள் மன்னரின் பண்பாடு அல்ல, உங்களுடையது என்பதைப் பலர் நகரம் கலகத்தில் போன பிறகே கவனிக்கிறார்கள். அந்நகரத்தின் பண்பாட்டைச் சேர்ந்த துணைவர் ஒருவரை ஆளுநராக அமர்த்துவதும், விழாக்கள் நடத்துவதும் சரிவை ஓரளவு தடுக்கும். பேரரசுப் பண்பாட்டுடன் தொடங்குபவருக்கு இதில் ஒரு வசதி உண்டு: மூன்று அரசுகளின் நகரங்கள் அவருக்கு அந்நியமல்ல. காவற்படைச் சம்பளம் குறைவதும் அப்பண்பாட்டின் சலுகைதான்.

அவசரமும் ஒரு தவறு. குலத்தின் புகழ் 50 புள்ளியைத் தொட்டதும் முதல் படிநிலை வரும், அதில் கூலிப்படையாகச் சேரலாம். 150 புள்ளியில் இரண்டாம் படிநிலை வந்ததும் சிற்றரசராக உறுதிமொழி எடுக்கலாம். 150-ஐத் தொட்ட அன்றே மன்னரைத் தேடிக் குதிரையை விரட்டுவதைவிட, இரண்டு மூன்று அரசுகளிடம் கூலிப்படையாக இருந்து பார்ப்பது நல்லது. போரில் ஈட்டும் செல்வாக்கு அப்போது தினாராக மாறிக் கையில் சேரும், அரசவையில் வாக்குரிமை இல்லாவிட்டாலும் எந்த அரசு எத்தனை முனைகளில் சிக்கியிருக்கிறது என்பது உள்ளிருந்தே தெரியும். ஒரே எச்சரிக்கை, பிற்பாடு சேர விரும்பும் அரசின் கிராமங்களை இந்தக் காலத்தில் கொள்ளையடிக்காதீர்கள். போரில் பிடிபடும் அதன் பிரபுக்களை விடுவித்துவிட்டால், நாளை உங்களுக்கு வாக்களிக்கப்போகிறவர்களிடம் நல்ல பெயர் இப்போதே கிடைத்துவிடும்.

கதைமுறையில் ஆடுபவர்கள் முதன்மைப் பணியையும் மறந்துவிடக் கூடாது. அதில் வரும் பாத்திரங்களில் இஸ்டியானா பேரரசை மீட்கச் சொல்வார், அர்சாகோஸ் அதை அழிக்கச் சொல்வார். முதல் வழிக்குப் பேரரசுத் தரப்பு ஒன்றும், இரண்டாம் வழிக்கு அதற்கு வெளியே உள்ள அரசு ஒன்றும் வேண்டும். பேரரசின் மூன்று பகுதிகளை ஆள்பவர்களான, செனட்டின் உரிமையைப் பேசும் லூக்கன், படையின் ஆதரவை நம்பும் கேரியோஸ், மகள் ஐராவுக்காக நிற்கும் அரெனிகோஸின் மனைவி ராகேயா ஆகிய மூவரில் யாருடைய வாதம் உங்களுக்குச் சரியாகப் படுகிறது என்பது சுவையான கேள்விதான். ஆனால் அசெராய் சிற்றரசராகப் பாலைவனத்தில் வேரூன்றிய பிறகு அதைக் கேட்டால், கைக்கு வந்த நிலத்தை விட வேண்டியிருக்கும். முதன்மைப் பணி இல்லாத சாண்ட்பாக்ஸ் முறையில் இந்தச் சிக்கல் இல்லை.

கடைசியாக, சொந்த அரசு அமைக்கும் எண்ணம் உள்ளவர்கள் மேலே சொன்ன கணக்கில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குக் குலம் நான்காம் படிநிலையை எட்டியிருக்க வேண்டும். நிலத்தை வைத்துக்கொண்டே விலகினால் பழைய அரசு உடனே போர் தொடுக்கும். சேரும்போது பாதுகாப்பாகத் தோன்றிய பெரிய அரசே அப்போது உங்கள் ஒற்றை நகரத்தின் மதிலுக்கு வெளியே நிற்கும் முதல் எதிரி. இத்திட்டம் இருப்பவருக்கு, தன் பண்பாட்டு நகரங்கள் நிறைந்ததும், வேறு இரண்டு போர்களில் கைகள் கட்டுண்டு கிடப்பதுமான நடுத்தர அரசு ஒன்றே பொருத்தமாக இருக்கும்.