மேசைக்குக் காசு வாங்குங்கள், ஆனால் இப்படி வாங்குங்கள்

சீட்டு, பலகை விளையாட்டுகள் விற்கும் கடை திறக்கும் எண்ணத்தோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: விளையாட வந்து உட்காருகிறவர்களிடம் காசு வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம், வாங்கியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு பிளாசாவில், பலசரக்குக் கடைக்கும் முடிதிருத்தும் நிலையத்துக்கும் நடுவில் கடை வைத்திருக்கிறேன். முன்பாதியில் மேஜிக் என்ற ஆட்டத்தின் சீட்டுகள், வார்ஹாமர் என்ற போர் விளையாட்டின் பொம்மைகள், பலகை விளையாட்டுகள். பின்பாதியில் மேசைகள். இரண்டு பாதிக்கும் சதுர அடி வாடகை ஒன்றுதான்.

மேசையைச் சும்மா விட்டால் அந்தப் பாதியின் வாடகையை யாரோ ஒருவர் கட்டத்தான் வேண்டும். பிறந்தநாள் பரிசு வாங்க வந்து ஐந்தே நிமிடத்தில் போய்விடும் ஆளின் தலையில் அது விழும். அதற்காகப் பொருளின் விலையைக் கூட்டினால் கைத்தொலைபேசியில் அமேசான் விலையைப் பார்த்துவிட்டு நன்றி சொல்லி நடையைக் கட்டுவார். உட்கார்ந்து விளையாடுகிறவர் அசையாமல் இருப்பார்.

முதலில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். பக்கத்துக் கடைக்காரர் வாங்கும் தொகையைப் பார்த்து விலை வைக்காதீர்கள். அவருடைய வாடகை உங்களுக்குத் தெரியாது. ஓர் உதாரணம். வாடகையும் அதன்மேல் வரும் டி.எம்.ஐ.யும், அதாவது சொத்துவரி, பராமரிப்பு, காப்புறுதிப் பங்கு எல்லாமும் சேர்த்து மாதம் 5,000 டொலர். பாதி இடம் மேசைகளுக்கு என்றால் 2,500. ஆறு மேசை, மேசைக்கு நான்கு கதிரை, ஆக 24 கதிரைகள். காசு வாங்கும் நேரம் புதன் முதல் வெள்ளி வரை மாலை 5 முதல் 10 மணி, சனி, ஞாயிறு நண்பகல் முதல் இரவு 10 வரை என்றால் வாரம் 35 மணி நேரம், மாதம் ஏறக்குறைய 150. 24 கதிரைகளும் எந்நாளும் நிறையப் போவதில்லை. பத்துக்கு நான்கு நிறைந்தால் 1,440 கதிரை மணிகள். 2,500-ஐ அதால் வகுத்தால் ஒரு கதிரைக்கு மணிக்கு 1.74 டொலர். ஒருவர் மூன்று மணி நேரம் இருப்பார் என்று வைத்தால் 5 டொலர் 20 சதம் வரும்.

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் இதற்கு 13 சதவீத எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரி உண்டு. வரி உட்பட 6 டொலர் என்று வாசலில் எழுதினால் கையில் நிற்பது 5.31. வரியைத் தனியாகக் கூட்டி 6.78 என்று கேட்டால் சில்லறை தேடியே மாலை போய்விடும்.

ஏன் மணிக்கணக்கில் வாங்கக் கூடாது என்று கேட்பீர்கள். மேஜிக் சீட்டில் கமாண்டர் என்ற வகை ஆட்டத்தை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். நான்கு பேர், ஆளுக்கு நூறு சீட்டு, ஆளுக்கு நாற்பது உயிர்ப் புள்ளி. ஒரு சுற்று சாதாரணமாக ஒரு மணி நேரத்தைத் தாண்டும். ஒருவர் சீக்கிரமே தோற்று வெளியேறிவிட்டு மற்ற மூவர் முடிக்கும்வரை காத்திருப்பார். இன்னொருவர் ஒவ்வொரு சீட்டையும் இரண்டு முறை வாசிப்பார். மணிக்குக் காசு என்றால் அந்த நிதானமானவர்மேல் மற்ற மூவருக்கும் எரிச்சல் வரும், பஞ்சாயத்து உங்கள் கல்லாவுக்கு வந்து சேரும். ஆளுக்கு ஒரு தொகை, மூடும்வரை இருக்கலாம் என்று வைத்துவிடுங்கள்.

அந்த 6 டொலரில் 3 டொலரை அன்றிரவே செல்லும் கூப்பனாகத் திருப்பிக் கொடுங்கள். முழுவதையும் கொடுத்தால் வாடகைக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒன்றுமே கொடுக்காவிட்டால் வெறும் நுழைவுச்சீட்டுப் போல் ஆகிவிடும். கூப்பன் கையில் இருக்கிறவர் வீட்டுக்குப் போகுமுன் அலமாரிப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றுவார். சீட்டு உறை, தாயக்கட்டை, பெயின்ட், குளிர்பானம் என்று ஏதாவது ஒன்று போகும். இவற்றில் லாபம் ஓரளவு உண்டு, ஆகவே 3 டொலர் கூப்பனால் எனக்கு உண்மையில் போவது அதைவிடக் குறைவு. மூடிய பூஸ்டர் பெட்டிக்கு, அதாவது பிரிக்காத சீட்டுப் பொட்டலங்கள் அடங்கிய பெட்டிக்கு மட்டும் கூப்பன் செல்லாது என்று எழுதிவிடுங்கள். அதில் கிடைக்கும் லாபம் மெல்லியது, கூப்பன் அதையும் தின்றுவிடும். கல்லாவில் இதை எப்படிப் பதிவது என்று உங்கள் கணக்காளரிடம் தொடங்குமுன் கேளுங்கள்.

சிலரிடம் வாங்கக் கூடாது. மேஜிக்கில் டிராஃப்ட் என்ற வகை விளையாட வருகிறவர் அதற்கான கட்டணத்திலேயே மூன்று பூஸ்டர் பொட்டலம் வாங்கிவிடுகிறார். எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து சீட்டெடுக்கும் அந்த ஆட்டத்துக்கு மேசைக் காசு தனியாகக் கேட்டால் நியாயம் இல்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டை நடத்துகிற டிஎம், அதாவது கதையை நகர்த்துகிறவர், வீட்டிலேயே பல மணி நேரம் தயாரித்துவிட்டு, நாலைந்து பேரை வாரந்தவறாமல் அழைத்து வருகிறார். அவரிடம் காசு கேட்பதைவிட ஒரு கோப்பி கொடுப்பது புத்திசாலித்தனம். முதல் தடவை வருகிறவருக்கும், அவருக்குச் சொல்லிக்கொடுக்க உட்காருகிறவருக்கும் இலவசம். செவ்வாய்க்கிழமை எல்லோருக்குமே இலவசம். பார்க்கிங்கில் நின்று பார்க்கிறவருக்குக் கண்ணாடிக்குள் நாலு தலை தெரிந்தால்தான் உள்ளே வருவார்.

வார்ஹாமர் தனி வழக்கு. 2,000 புள்ளி ஆட்டத்துக்கு 60 அங்குலத்துக்கு 44 அங்குலம் பலகை வேண்டும். என்னிடம் இருப்பது பழைய 6 அடிக்கு 4 அடி மேசைகள். விளையாடுகிறவர்கள் இருவர்தான், பிடிக்கும் இடமோ ஆறு கதிரையின் இடம். மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்ததை நான் கண்டதில்லை. மேல் வைக்கும் இடிந்த கட்டடங்களும் பாறைகளும் மெல்ல உடைந்துகொண்டே இருக்கும். ஆகவே இதில் மட்டும் கதிரைக்கு விலை வைக்காமல் மேசைக்கு 20 டொலர் வாங்குகிறேன், முன்பதிவோடு. யாரும் முறையிட்டதில்லை, ஒரு படையைக் கட்டி வர்ணம் தீட்ட அவர்கள் செலவழித்திருப்பதோடு பார்த்தால் இது தூசு.

ரொறன்ரோவில் 2010-இல் தொடங்கிய ஸ்நேக்ஸ் அண்ட் லாட்டேஸ் போன்ற கபேக்கள் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு விருப்பம்போல் விளையாட விடுகின்றன. அந்த மாதிரியை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே சாப்பாடும் பானமும் விற்கிறது. உங்களிடம் இருப்பது ஒரு குளிர்சாதனப் பெட்டியும் உருளைக்கிழங்குச் சிப்ஸும்.

இனி வாங்கும் விதம். விலையை ஒரு தாளில் எழுதி ஒரு மாதம் முன்பே கதவில் ஒட்டுங்கள். மேசையில் ஒட்டாதீர்கள், உட்கார்ந்த பிறகு விலை தெரிந்தால் எவருக்கும் கோபம் வரும். காசைக் கல்லாவிலேயே, உட்காருமுன் வாங்கிக்கொண்டு ஒரு நிற வில்லையைக் கொடுங்கள். மேசை மேசையாகப் போய் வசூலிக்காதீர்கள். நண்பர்கள் முன்னால் பணப்பையைத் தடவும் பதினாறு வயதுப் பையன் மறுவாரம் வரமாட்டான்.

மகனைக் கூட்டிக்கொண்டு போக வந்த ஓர் அம்மா தாளைப் படித்துவிட்டு, "தம்பி, கதிரையில் இருக்கவும் காசா?" என்று கேட்டார். கடைக் கொள்கை என்று பேசவே இல்லை. "அம்மா, இப்போது மணி ஒன்பது. ஐந்திலிருந்து இங்கே இருக்கிறான். ஹீட்டர் ஓடுகிறது, கழிவறை சுத்தமாக இருக்கிறது, சண்டை வந்தால் நான் இருக்கிறேன்" என்றேன். "அதற்கு ஆறு டொலர் பரவாயில்லை, வெளியே விட்டால் எங்கே போவானோ" என்று அவரே முடித்துவிட்டார். அவரிடம் சொன்னதை நீங்களும் சொல்லலாம், உண்மையாக இருந்தால் மட்டும். காசு வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து ஆடும் கதிரையும், சவர்க்காரம் இல்லாத கழிவறையும், மங்கிய விளக்கும் உங்கள் குற்றம். விசிறி ஒன்றும் வாங்குங்கள். முப்பது பேர் நெருங்கி இருக்கும் சனிக்கிழமை மாலையின் மணத்தை நான் வர்ணிக்கத் தேவையில்லை.

ஒன்றிரண்டு கூட்டம் போகத்தான் செய்யும். ஒரு கோப்பியோடு அரை நாள் உட்கார டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடை இருக்கிறது. நம் ஐயாமார் அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். போகிறவர்களைக் கெஞ்சவும் வேண்டாம், அவர்களுக்கு மட்டும் ரகசியமாகக் குறைக்கவும் வேண்டாம். குறைத்தது மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வருட முடிவில் டி.எம்.ஐ. கணக்கை நேர்செய்து, இன்னும் இவ்வளவு கட்டுங்கள் என்று கட்டட உரிமையாளரிடமிருந்து கடிதம் வரும். அந்த வாரமே மேலே சொன்ன கணக்கை மறுபடி போடுங்கள். ஏற்ற வேண்டுமென்றால் ஐம்பது சதம் ஐம்பது சதமாக ஏற்றாமல் ஒரேயடியாக ஒரு டொலர் ஏற்றி, கதவில் இருக்கும் தாளையும் ஒரு மாதம் முன்பே மாற்றி ஒட்டுங்கள்.