வீட்டு முற்றத்திலிருந்து தொடங்குவோம்: ஆங்கிலத்திலும் அரபியிலும் பறவைப் பெயர்கள்

என் அண்ணன் மகள் அரபு நாட்டுப் பள்ளியொன்றில் ஆங்கிலம் கற்பிக்கப் புறப்பட ஆயத்தமானபோது, அங்கே சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற உரிமையில், அறுபது பறவைப் பெயர்களைத் தமிழ், ஆங்கிலம், அரபி என்று மூன்று பத்திகளாக எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவளுக்கு நினைவிருந்தவை நான்கே நான்கு. “சித்தப்பா, இதில் பாதிப் பறவைகளை நான் கண்ணாலேயே பார்த்ததில்லையே” என்று அவள் சொன்ன பிறகுதான் தவறு என்னுடையது என்று விளங்கியது. பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்துபோகும் பறவைகளிலிருந்து மறுபடியும் தொடங்கினோம். அரபியில் ஓரெழுத்தும் அறியாதவர்களும் பின்பற்றக்கூடிய அந்த முறையையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு பறவைக்கு ஒரு பக்கம்

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பறவை ஒன்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தின் மேலே தமிழ்ப் பெயரையும், அதன் கீழே ஆங்கிலப் பெயரையும், அதற்கும் கீழே அரபிப் பெயரின் ஒருமை பன்மை இரண்டையும் எழுதுங்கள். பன்மையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். நாம் ‘கள்’ சேர்ப்பதுபோல் அரபியில் எல்லாச் சொற்களுக்கும் ஒரே விகுதியைச் சேர்த்துவிட முடியாது, பல சொற்கள் உள்ளேயே உருமாறிவிடும். பறவை என்பது ‘தாயிர்’, பறவைகள் ‘துயூர்’. சிட்டுக்குருவி ‘உஸ்ஃபூர்’, குருவிகள் ‘அஸாஃபீர்’. காகம் ‘குராப்’, காகங்கள் ‘கிர்பான்’. இவற்றை மாப்பிள்ளை பெண் போல இணையாகவே மனத்தில் பதிக்க வேண்டும்.

தமிழ் எழுத்தில் எழுதுவது ஊன்றுகோல் மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே வரும் பகரங்கள் எல்லாம் ‘பம்பரம்’ என்ற சொல்லின் நடுவிலுள்ள பகரம்போல் ஒலிக்க வேண்டும். நம் சொல் முதலில் வரும் வல்லோசைப் பகரம் அரபியில் இல்லை. ‘குராப்’ என்பதன் முதலெழுத்துக்கு, ‘மகன்’ என்று சொல்லும்போது நடுவில் நாம் தளர்த்தி ஒலிக்கும் ககரத்தைத் தொண்டைக்குள் இன்னும் கொஞ்சம் உரசவிட்டால் ஏறக்குறையச் சரியாக வரும். ‘உஸ்ஃபூர்’ தொடங்கும் இடத்தில் தொண்டையை இறுக்கிச் சொல்லும் ஓர் எழுத்து ஒளிந்திருக்கிறது. அதை எழுத்தால் விளக்க இயலாது, அரபி பேசுபவர் வாயால் கேட்டுத்தான் பழக வேண்டும்.

இரண்டாம் படி: ஒலியும் உருவமும் பெயரான பறவைகள்

டர்பனில் விடியற்காலையில் அலாரம் தேவைப்படாததற்குக் காரணமான பறவையை எடுத்துக்கொள்வோம். கூரைமேல் பறந்தபடி அது கத்தும் கத்தலையே பெயராக்கி, இந்நாட்டு ஆங்கிலத்தில் ‘ஹாடிடா’ என்கிறோம். அதன் இனத்துக்குரிய பொது ஆங்கிலப் பெயர் ‘ஐபிஸ்’. தமிழில் அந்த இனம் அரிவாள்மூக்கன். அரபியில் ‘அபூ மின்ஜல்’. ‘மின்ஜல்’ என்றால் கதிரறுக்கும் அரிவாள், ‘அபூ’ என்றால் தந்தை. இங்கே ‘அரிவாளை உடையவன்’ என்று பொருள்படும். தமிழனும் அரபியனும் அந்த வளைந்த அலகைப் பார்த்து ஒரே கருவியை நினைத்திருக்கிறார்கள். அண்ணன் மகள் இந்தச் சொல்லை ஒரு முறை கேட்டதும் பிடித்துக்கொண்டாள்.

புல்வெளியில் விசிறிக் கொண்டையை விரித்தும் மடக்கியும் நடக்கும் கொண்டலாத்தி இன்னொரு நல்ல தொடக்கம். ஆங்கிலத்தில் ‘ஹூப்பூ’, அரபியில் ‘ஹுத்ஹுத்’, பன்மையில் ‘ஹதாஹித்’. இரண்டும் அது கூவும் ஒலியிலிருந்து பிறந்தவை; நம் இரட்டைக்கிளவிபோல் அரபிப் பெயரில் ஒரே அசை இரண்டு முறை வருகிறது. குர்ஆனின் 27ஆம் அத்தியாயத்தில் சுலைமான் நபிக்குச் செய்தி கொண்டுவரும் பறவை இதுவே என்பதால், அரபு நாடுகளில் சிறு பிள்ளைகளுக்கும் இந்தப் பெயர் தெரியும். நவம்பரில் ஐரோப்பாவிலிருந்து நம் வயல்வெளிகளுக்கு வந்து சேரும் செங்கால் நாரை அரபியில் ‘லக்லக்’; அலகுகளைத் தட்டி அது எழுப்பும் ஒலியே பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஸ்டார்க்’. தெற்கே வரும் வழியில் நைல் பள்ளத்தாக்கைக் கடந்துதான் பெரும்பாலான நாரைகள் வருகின்றன; ஆகவே அரபியர் பார்த்த அதே பறவையைத்தான் நாமும் பார்க்கிறோம்.

மூன்றாம் படி: கூட்டமா, ஒன்றா?

ஆங்கிலத்தில் ஒருமைதான் அடிப்படை, எழுத்தைச் சேர்த்தால் பன்மை. அரபியில் சில பறவைகளுக்கு நேர்மாறாக, இனப்பெயரே அடிப்படை. அதன் இறுதியில் ‘ஆ’ சேர்த்தால் ஒன்று என்று பொருள். ‘ஹமாம்’ என்றால் புறா இனம், ‘ஹமாமா’ என்றால் ஒரு புறா. ‘பத்’ வாத்தினம், ‘பத்தா’ ஒரு வாத்து. ‘பூம்’ ஆந்தையினம், ‘பூமா’ ஓர் ஆந்தை. ‘நஆம்’ நெருப்புக்கோழியினம், ‘நஆமா’ ஒரு நெருப்புக்கோழி. ‘தஜாஜ்’ கோழியினம், ‘தஜாஜா’ ஒரு பெட்டைக்கோழி. சேவலுக்கு ‘தீக்’ என்ற தனிச்சொல் உண்டு. இதில் நடைமுறைப் பயனும் இருக்கிறது: உணவகத்தில் கோழிக்கறி வேண்டுமானால் ‘தஜாஜ்’ என்று கேளுங்கள். நான் முதன்முதலில் ‘தஜாஜா’ என்று கேட்டபோது, முழுக்கோழி ஒன்று தட்டில் வந்து உட்கார்ந்தது.

ஆங்கிலத்திலும் ‘சிக்கன்’ என்ற சொல் இறைச்சியாகும்போது எண்ணிக்கையை இழந்துவிடுகிறது என்பதைக் கவனித்தால், இந்த விதி அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

நான்காம் படி: இரட்டிப்பும் புணர்ச்சியும்

இங்கே தமிழ் அறிந்தவருக்கு ஒரு சலுகை உண்டு. ‘பதம்’ வேறு, ‘பத்தம்’ வேறு என்று நம் காது குழந்தைப் பருவத்திலேயே பிரித்தறியப் பழகியிருக்கிறது. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் இதில் தடுமாறுவார்கள். ‘ஹமாம்’ புறா, ‘ஹம்மாம்’ குளியலறை. நம் வீடுகளில் பழகிய சோப்பின் பெயரை நினைத்துக்கொண்டால் குளியல் நினைவுக்கு வரும், ஆனால் மகரத்தை அழுத்தாமல் சொன்னால் அரபியரின் மனத்தில் புறாதான் பறக்கும்.

அரபியில் ஒரு பொருளைச் சுட்டிச் சொல்ல முன்னால் ‘அல்’ சேர்ப்பார்கள். ‘அல்-குராப்’ என்றால் அந்தக் காகம். ஆனால் கழுகைக் குறிக்கும் ‘நஸ்ர்’ முன்னால் ‘அல்’ வந்தால் லகரம் மறைந்து ‘அன்-நஸ்ர்’ ஆகிவிடும். பல், நூறு இரண்டும் சேர்ந்து பன்னூறு ஆவதைப் படித்தவருக்கு இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? அவ்வாறே ‘அத்-தீக்’, ‘அத்-தாயிர்’.

இந்தப் பாடத்துக்கு வானமே கரும்பலகை. புரட்டாசி மாதத்தில் இரவு எட்டு மணியளவில் டர்பனில் வடக்கு நோக்கி நின்றால், நல்ல உயரத்தில் ஆல்டேர் என்ற விண்மீன் தெரியும். நம் திருவோணத்தின் மூன்று மீன்களில் நடுவில் ஒளிர்வது அதுவே. அதன் முழுப்பெயர் ‘அன்-நஸ்ர் அத்-தாயிர்’, பறக்கும் கழுகு. ஆங்கிலம் கடைசிச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டது. அதற்குக் கீழே இடப்புறம் அடிவானத்தை ஒட்டி மின்னும் வேகா என்ற பெயர் ‘அன்-நஸ்ர் அல்-வாகிஇ’, அதாவது இறங்கும் கழுகு என்பதன் மிச்சம். வலப்புறம் இன்னும் தாழ்வாக இருக்கும் டெனப், ‘தனப் அத்-தஜாஜா’ என்பதிலிருந்து வந்தது. பொருள் கோழியின் வால். மூன்று ஆங்கிலப் பெயர்களுக்குள் நீங்கள் ஏற்கெனவே கற்ற மூன்று அரபிச் சொற்கள் இருக்கின்றன.

ஐந்தாம் படி: பொருள் தடம் மாறும் இடங்கள்

‘புல்புல்’ என்று அரபுக் கவிஞர் சொன்னால் பெரும்பாலும் இனிமையாகப் பாடும் இராப்பாடியைக் குறிப்பார். ஆங்கிலத்தில் அதே சொல், நம் தோட்டத்துப் பழங்களைக் கொத்தும் கொண்டைக்குருவி இனத்தைக் குறிக்கும். மைனாவை அரபியில் ‘மீனா’ என்பார்கள். இறுதியில் தொண்டையை நிறுத்தி ‘மீனாஃ’ என்பதுபோல் வெட்டினால் அது துறைமுகம். ஆங்கிலத்தில் ‘கைட்’ பருந்தும் ஆகும், பட்டமும் ஆகும். அரபியில் பட்டத்துக்கு ‘தாயிரா வரகிய்யா’, காகிதத்தாலான பறக்கும் பொருள் என்று பெயர். வெறும் ‘தாயிரா’ என்றால் விமானம், ‘மதார்’ என்றால் விமான நிலையம். எல்லாம் ‘தாயிர்’ பிறந்த அதே வேரிலிருந்து கிளைத்தவை.

காகத்தின் பக்கத்தை மட்டும் நிதானமாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் ‘க்ரோ’ என்ற பெயர்ச்சொல் காகம். அதையே வினைச்சொல்லாக்கினால் சேவல் கூவுவது. காகம் கரைவதற்கு ‘கா’ என்ற வேறு வினை உண்டு. அரபியில் ‘குராப்’ என்ற சொல்லின் வேரெழுத்துகளே அயலானைக் குறிக்கும் ‘கரீப்’, அயல்நாட்டில் தனித்திருக்கும் ஏக்கத்தைக் குறிக்கும் ‘குர்பா’ ஆகிய சொற்களிலும் இருக்கின்றன. பழைய அரபுக் கவிதையில் ‘குராபுல் பைன்’, பிரிவின் காகம் என்றே ஒரு வழக்குண்டு. காகம் கரைந்தால் அன்புக்குரியவர் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார் என்று அஞ்சினார்கள். நமக்கோ காகம் கரைந்தால் விருந்தினர் வருவார். புரட்டாசிச் சனிக்கிழமை வாழையிலையில் சோறு வைத்து, முன்னோராக எண்ணி அதை அழைப்பவர்கள் நாம். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் இங்கு வந்திறங்கியவர்களின் வழியில் வந்த எனக்கு, இரண்டு காகங்களில் எதை நம்புவது என்று சில நாள் தெரிவதில்லை. நாம் ஊரில் பார்க்கும் சாம்பல் கழுத்துக் காகமும் கப்பலேறியே டர்பன் துறைமுகத்துக்கும் அரபுத் துறைமுகங்களுக்கும் வந்து சேர்ந்தது.

ஆறாம் படி: வாக்கியத்தில் வைத்தல்

தனிச்சொல் தங்காது, இரண்டு சொல்லிலாவது வாக்கியம் அமையுங்கள். அரபியில் பறவைப் பெயருக்கும் இலக்கணப் பால் உண்டு. ஆண்பாலுக்கு ‘ஹாதா’, பெண்பாலுக்கு ‘ஹாதிஹி’. இரண்டுக்கும் பொருள் ‘இது’. ‘ஹாதா உஸ்ஃபூர்’, இது ஒரு குருவி. ‘ஹாதிஹி ஹமாமா’, இது ஒரு புறா. இறுதியில் ‘ஆ’ வந்த ஒற்றைப் பறவைகளெல்லாம் பெண்பால் என்று கொண்டால் மேலே சொன்ன சொற்களில் பிழை வராது. உறுப்புகளின் பெயர்களை ஒரே நாளில் முடித்துவிடலாம்: ‘ஜனாஹ்’ சிறகு, ‘மின்கார்’ அலகு, ‘ரீஷா’ இறகு, ‘பைதா’ முட்டை, ‘உஷ்’ கூடு.

நாள்தோறும் ஒரே பறவை, ஒரே வாக்கியம் போதும். பறவையைப் பார்த்த இடத்தையும் வேளையையும் அந்தப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். அண்ணன் மகள் அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் தன் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். ‘ஹாதிஹி குராப்’ என்று எழுதி, தானே அடித்து, ‘ஹாதா குராப்’ என்று திருத்தியிருந்தாள். அதன் கீழே தமிழில் ஒரு வரி: “காலை ஆறு மணி, விடுதிச் சுவர். கழுத்து சாம்பல் நிறம். நம்ம காகம்தான், சித்தப்பா.”