வாசிப்பு இலக்கைப் பக்கத்தில் எண்ணுங்கள்

ஜனவரியில் 50 புத்தகம் என்று இலக்கு வைத்துவிட்டு, ஆகஸ்ட் வந்ததும் மெல்லிய புத்தகமாகத் தேடுகிறீர்களா? எண்ணிக்கையைத் துரத்தினால் முதலில் அடிபடுவது பெரிய நாவல்தான். 600 பக்க நாவலும் 90 பக்கக் குறுநாவலும் கணக்கில் ஒன்றே என்றால், கை எதை எடுக்கும்?

அதனால் பக்கக் கணக்கு வையுங்கள். ஒரு நாளைக்கு 20 பக்கம் படித்தால் ஆண்டுக்கு 7,300 பக்கம். 250 பக்கப் புத்தகமாகப் பார்த்தால் 29 வந்துவிடும்.

நான் பின் அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் தேதியையும் நிறுத்திய பக்கத்தையும் குறிப்பேன். ‘மார்ச் 3 – 112’, அடுத்த நாள் ‘மார்ச் 4 – 190’. கதை எங்கே இழுத்துக்கொண்டு ஓடியது, எங்கே தேங்கியது என்று அந்த எண்களே சொல்லிவிடும். அப்புறம் நண்பர்களோடு அந்தப் புத்தகத்தைப் பேசும்போது, சும்மா ‘நன்றாக இருந்தது’ என்று நிற்காமல் இடம் சுட்டிப் பேசலாம். இரவல் புத்தகம் என்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

படித்த புத்தகங்களைப் பதிவு செய்யும் குட்ரீட்ஸ் (Goodreads) தளத்தில் கணக்கு வைப்பவர்கள், படித்து முடித்த தேதியை மறக்காமல் போடுங்கள். தேதி இல்லாத புத்தகம் அந்தத் தளத்தின் ஆண்டு வாசிப்புச் சவாலில் சேராது. இலக்கை ஆண்டின் நடுவிலும் மாற்ற முடியும். குறைக்கத் தயங்க வேண்டாம்.