இருமொழிப் பன்னாட்டுப் பள்ளியின் பாடத்திட்டத்தை வாசிப்பது எப்படி: தொடக்க நிலையிலிருந்து நடுநிலை வரை

இருமொழிப் பன்னாட்டுப் பள்ளியில் குழந்தையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் பலர், கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் பாடத்திட்டத்தின் பெயரைப் பார்த்தே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பெயர் முக்கியம்தான், ஆனால் அது பாதி விவரத்தையே சொல்லும். எந்தப் பாடம் எந்த மொழியில் நடத்தப்படுகிறது, எந்த வகுப்பில் அந்த ஏற்பாடு மாறுகிறது, தேர்வு எந்த மொழியில் எழுதப்படுகிறது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்வரை அந்தப் பள்ளியின் பாடத்திட்டம் நமக்குத் தெரியும் என்று சொல்ல இயலாது. இந்த மூன்றையும் எப்படிக் கேட்டு அறிவது, கிடைக்கும் விடைகளை எப்படி எடைபோடுவது என்பதைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

முதலில் வகுப்புகளின் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

தொடக்க நிலை என்பதும், லோயர் செகண்டரி எனப்படும் நடுநிலை என்பதும் எல்லாத் திட்டங்களிலும் ஒரே வயதில் தொடங்கி ஒரே வயதில் முடிவதில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அமைப்பு பன்னாட்டுப் பள்ளிகளுக்கென வகுத்த கேம்பிரிட்ஜ் திட்டத்தில் தொடக்க நிலை ஏறத்தாழ 5 முதல் 11 வயது வரை ஆறு படிகளாகவும், நடுநிலை 11 முதல் 14 வயது வரை 7, 8, 9 என்ற மூன்று படிகளாகவும் அமைந்துள்ளது. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகள் இதே வயதுகளைக் கீ ஸ்டேஜ் 1, 2, 3 என்று பிரிக்கின்றன. ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற பன்னாட்டுத் திட்டத்தில் பி.ஒய்.பி. எனப்படும் தொடக்கத் திட்டம் 3 முதல் 12 வயது வரைக்கும், எம்.ஒய்.பி. எனப்படும் நடுத்திட்டம் 11 முதல் 16 வயது வரைக்கும் உரியது. ஆகவே ஐ.பி. பள்ளியில் நடுநிலை என்பது தனியாக முடியும் ஒரு கட்டமன்று; ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றின் முற்பகுதி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்து முறையில் 'இயர் 7' என்பது அமெரிக்க முறையில் 'கிரேடு 6'. இந்த ஓர் எண் வித்தியாசத்தைக் கவனிக்காமல் பள்ளி மாறும்போது, குழந்தை ஒரு வகுப்பு கீழே இறக்கப்பட்டதாக வீட்டில் வீண் வருத்தம் எழுவதுண்டு.

திட்டத்தின் பெயர் எதற்கு உறுதி தருகிறது

கேம்பிரிட்ஜ் என்ற பெயர், ஒவ்வொரு படியிலும் மாணவர் எதை அறிந்திருக்க வேண்டும் என்ற இலக்குகளின் பட்டியலுக்கு உறுதி தருகிறது. அதை நடத்தும் முறையும், எந்தெந்தப் பாடங்களை எடுத்துக்கொள்வது என்பதும் பெருமளவு பள்ளியின் விருப்பம். ஆங்கிலத்தை முதல் மொழியாகக் கொண்டவர்களுக்கும் இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கும் இத்திட்டத்தில் தனித்தனிப் பாடங்கள் உள்ளன. உங்கள் குழந்தை இவ்விரண்டில் எதைப் படிக்கப்போகிறது என்பதைச் சேர்க்கையின்போதே கேட்டுவிட வேண்டும். இருமொழிப் பள்ளியில் மாணவர் ஆங்கிலத்தில் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லப்படுகிறார் என்பதை வேறெந்த விவரத்தையும்விட இந்தத் தேர்வு தெளிவாகக் காட்டிவிடும்.

பி.ஒய்.பி. முற்றிலும் வேறு வகை. 'நாம் யார்', 'உலகம் எவ்வாறு இயங்குகிறது', 'இந்தக் கோளைப் பகிர்ந்துகொள்ளுதல்' போன்ற ஆறு பெருங்கருப்பொருள்களின் கீழ், பாட எல்லைகளைக் கடந்து, மாணவர் கேள்வி எழுப்பித் தேடி அறியும் அலகுகளாகக் கல்வி நடக்கிறது. இறுதியாண்டில் மாணவர்கள் தாமே ஒரு சிக்கலை எடுத்து ஆராய்ந்து கண்காட்சியாக முன்வைக்கிறார்கள். 7 வயதிலிருந்தாவது கூடுதல் மொழி ஒன்றைக் கற்பிக்க வேண்டும் என்பது இத்திட்டத்தின் நிபந்தனை. ஆனால் ஒரு மொழியைக் கற்பிப்பது வேறு, அந்த மொழியின் வழியாகப் பாடங்களைக் கற்பிப்பது வேறு. நிபந்தனையை நிறைவேற்றியதாலேயே ஒரு பள்ளி இருமொழிப் பள்ளி ஆகிவிடாது. எம்.ஒய்.பி.யில் எட்டுப் பாடப் பிரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கற்பித்தல் வேண்டும். கூடுதல் மொழியைக் கற்பவராக அன்றி, இரண்டு மொழிகளையுமே மொழி-இலக்கியப் பாடமாக, அதாவது முதல் மொழிக்குரிய நிலையில், எடுத்துப் படிக்கவும் இதில் வழியுண்டு. உண்மையான இருமொழி மாணவருக்கு இதுவே பொருத்தமான பாதை; பள்ளி அதை நடைமுறையில் தருகிறதா என்று கேளுங்கள்.

பல இருமொழிப் பள்ளிகள் ஒரே சமயத்தில் இரண்டு திட்டங்களை நடத்துகின்றன. நாட்டின் பாடத்திட்டம் ஒரு மொழியிலும், பன்னாட்டுத் திட்டம் ஆங்கிலத்திலும் ஓடும். அப்போது கணிதம் இரண்டு முறை வருகிறதா, அப்படியானால் இரண்டும் ஒரே வரிசையில் நகர்கின்றனவா என்பது பெரிய கேள்வி. பின்னங்களை ஒரு மொழியில் ஜூனிலும் மற்ற மொழியில் ஜனவரியிலும் கற்பித்தால், குழந்தைக்கு இருமொழிப் பயனும் கிடைக்காது, நேரமும் வீணாகும். இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து வகுத்த ஒரே ஆண்டுத் திட்டம் உண்டா என்று கேட்டு, உண்டென்றால் அதன் ஒரு பக்கத்தையாவது பாருங்கள். நாடுகளுக்கிடையே எழுத்து முறையும் மாறும்: ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் தசமத்துக்குப் புள்ளியன்றிக் காற்புள்ளியே இடப்படுகிறது, நெடுவகுத்தலை எழுதும் அமைப்பும் வேறு. சிறிய விஷயம்தான், ஆனால் இரண்டு முறைகளையும் ஒரே வாரத்தில் காணும் எட்டு வயதுக் குழந்தைக்கு அது சிறியதன்று.

கால அட்டவணையை எண்ணிப் பாருங்கள்

'பாதிக்குப் பாதி' என்று பள்ளிகள் சொல்வதைச் சரிபார்க்க ஒரே வழி, வாராந்தரக் கால அட்டவணையை வாங்கிப் பாடவேளைகளை எண்ணுவதுதான். எடுத்துக்காட்டாக, வாரம் 30 பாடவேளைகள் கொண்ட நான்காம் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் 7, கணிதம் 5, அறிவியல் 4 ஆகிய 16 வேளைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. மற்ற மொழியில் மொழிப்பாடம் 6, சமூக அறிவியல் 3, உடற்கல்வி 2, ஓவியம், இசை, நூலகம் தலா 1 என 14 வேளைகள். 16-க்கு 14 என்றால் ஏறக்குறையப் பாதிதானே என்று தோன்றும். ஆனால் உடற்கல்வி, ஓவியம், இசை, நூலகம் ஆகியவற்றின் ஐந்து வேளைகளையும் நீக்கிப் பாருங்கள். விளக்குவதும் வாதிடுவதும் எழுதுவதும் நடக்கும் வேளைகள் 16-க்கு 9 ஆகிவிடுகின்றன. அந்த ஒன்பதிலும் அறிவுப் பாடத்துக்கு உரியவை மூன்றே. இப்படிப்பட்ட அட்டவணை தவறென்று நான் சொல்லவில்லை. அதைப் பாதிக்குப் பாதி என்று அழைப்பதுதான் தவறு. ஒரு மொழி விளையாட்டுக்கும் பாட்டுக்கும் மட்டும், மற்றது அறிவியலுக்கும் கணிதத்துக்கும் என்று பிரித்துவிட்டால், எந்த மொழி உயர்ந்தது என்ற செய்தியைக் குழந்தைகள் யாரும் சொல்லாமலே எடுத்துக்கொள்வார்கள்.

எண்ணும் வேலையை ஒரு வகுப்போடு நிறுத்திவிடக் கூடாது. முதலாம், நான்காம், ஏழாம் வகுப்பு அட்டவணைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். சில பள்ளிகள் தொடக்கத்தில் 90 விழுக்காட்டை ஒரு மொழிக்குக் கொடுத்து ஆண்டுதோறும் குறைத்துப் பாதிக்குக் கொண்டுவருகின்றன. வேறு சில முதலிலிருந்தே சமமாகப் பகிர்கின்றன. இரண்டுக்கும் நீண்ட நடைமுறை வரலாறு உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1965-இல் ஆங்கிலம் பேசும் பெற்றோரின் முயற்சியால் தொடங்கிய பிரெஞ்சு மொழி மூழ்கல் வகுப்புகள் (பாடங்களையே பிரெஞ்சில் நடத்தும் வகுப்புகள்) முன்னதற்கு நன்கறியப்பட்ட முன்னோடி. இரண்டில் எதுவானாலும், அந்த ஏற்பாடு தொடர்ந்து பல ஆண்டுகள் நிலைத்திருப்பதே முக்கியம். நடுநிலைக்கு வந்ததும் இரண்டாம் மொழி வாரம் மூன்று வேளை மொழிப்பாடமாகச் சுருங்கிவிடும் பள்ளிகள் உண்டு. அப்பள்ளிகளில் இருமொழிக் கல்வி உண்மையில் ஐந்தாம், ஆறாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது.

சரளமான பேச்சைக் கண்டு ஏமாற வேண்டாம்

கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் முன்வைத்த ஒரு வேறுபாடு இங்கே மிகவும் பயன்படும். விளையாட்டுத் திடலிலும் உணவறையிலும் புழங்கும் பேச்சுமொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கைவந்துவிடுகிறது. பாடநூலைப் படித்துக் காரணம் சொல்லவும், ஒப்பிட்டு எழுதவும் தேவையான கல்விமொழி வயதொத்தவர்களின் நிலையை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம். ஒரு குழந்தை ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தால், நடுநிலை முடியும்போதும் அது இந்தப் பாதையின் நடுவிலேயே இருக்கக்கூடும். பள்ளி தரும் மொழித்துணை வகுப்பு ஓராண்டோடு நிறுத்தப்படுகிறது என்றால், குழந்தை நன்றாகப் பேசத் தொடங்கிய அதே தருணத்தில் உதவி விலக்கிக்கொள்ளப்படுகிறது என்று பொருள்.

இந்த இடைவெளி இரண்டு இடங்களில் வெளிப்படும். முதலாவது மூன்றாம், நான்காம் வகுப்பு. அதுவரை வாசிக்கக் கற்ற குழந்தை, இனிமேல் கற்பதற்காக வாசிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது நடுநிலையின் முதலாண்டு. ஒரே வகுப்பாசிரியர் போய், பாடத்துக்கொரு ஆசிரியர் வருகிறார். தொடக்க நிலையில் குழந்தையின் மௌனத்தைப் படித்து உதவிய ஆசிரியர் இப்போது இல்லை. புதிய ஆசிரியர் அதே மௌனத்தைக் கவனக்குறைவு என்று குறித்துவிடலாம்.

குறை மொழியிலா, பாடத்திலா என்று கண்டறிய வீட்டிலேயே ஓர் எளிய சோதனை செய்யலாம். காற்றடிக்கும்போது ஈரத்துணி ஏன் விரைவாக உலர்கிறது என்று, பாடம் நடத்தப்பட்ட மொழியில் குழந்தையிடம் கேளுங்கள். 'ஆவியாதல்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டால், அதே கேள்வியைக் குழந்தைக்கு வலுவாக இருக்கும் மொழியில் கேளுங்கள். துணியருகே உள்ள ஈரக்காற்றை வீசும் காற்று அகற்றிவிடுகிறது, அதனால் மேலும் நீர் ஆவியாகிறது என்ற காரணத் தொடர் அப்போது வந்துவிட்டால், பாடம் புரிந்திருக்கிறது, வாக்கியம்தான் இல்லை. 'அதனால்', 'ஆகையால்', 'இருப்பினும்' போன்ற இணைப்புகளை அந்த மொழியில் பயிற்றுவித்தால் போதும். இரண்டு மொழியிலும் வரவில்லையென்றால், பாடத்தையே மறுபடி நடத்த வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் உடனே தனிவகுப்புக்கு அனுப்புவது பலருடைய வழக்கம். பெரும்பாலும் அதில் மருந்து ஓரிடத்திலும் நோய் வேறிடத்திலும் இருக்கும்.

மதிப்பெண் அறிக்கையை அதன் கணக்கிலேயே வாசியுங்கள்

கேம்பிரிட்ஜ் திட்டத்தில் ஆறாம் படி முடிவிலும் ஒன்பதாம் படி முடிவிலும் செக்பாயிண்ட் தேர்வுகள் உள்ளன. ஆங்கிலம், கணிதம், அறிவியல் விடைத்தாள்களைப் பள்ளிக்கு வெளியே கேம்பிரிட்ஜே திருத்துவதால், பள்ளியின் சொந்த மதிப்பீட்டை ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல வாய்ப்பு. இரண்டாம் மொழிக்கு அத்தகைய வெளி அளவுகோல் எதுவும் பெரும்பாலும் வைக்கப்படுவதில்லை. அந்த மொழியில் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஐரோப்பிய மொழி அளவுகோலின் ஏ1 (தொடக்கம்) முதல் சி2 (மிக உயர்ந்தது) வரையிலான படிகளிலோ, வேறு தெளிவான படிநிலையிலோ சொல்லும்படி கேட்கலாம். 'நன்று', 'முன்னேற்றம் தெரிகிறது' போன்ற குறிப்புகளை வைத்துக்கொண்டு எதையும் திட்டமிட முடியாது.

எம்.ஒய்.பி. அறிக்கையைப் பெற்றோர் தவறாகப் படிப்பது மிகச் சாதாரணம். ஒவ்வொரு பாடமும் நான்கு அளவைகளில், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 8 என மதிப்பிடப்படுகிறது, கூட்டுத்தொகை 32. ஒரு மாணவர் 20 பெற்றால், அதை நூற்றுக்கு அறுபத்திரண்டு என்று மாற்றிக் கவலைப்படுகிறார்கள். உண்மையில் 19 முதல் 23 வரை பெற்றால் 7-க்கு 5 என்ற தரம். கூட்டுத்தொகையைவிட, நான்கு அளவைகளில் எது தாழ்ந்திருக்கிறது என்பதே பயனுள்ள செய்தி. அறிவியலில் பாட அறிவு 7 ஆகவும், அறிவியலின் தாக்கத்தை விவாதித்து எழுதும் அளவை 3 ஆகவும் இருந்தால், அந்தக் குறையின் வேர் பெரும்பாலும் எழுத்துமொழியில்தான் இருக்கும்.

வீட்டில் எந்த மொழி

பள்ளியின் மொழிக்காக வீட்டு மொழியைக் கைவிடுவது தேவையற்றது, தீங்கும்கூட. ஒரு மொழியில் ஆழமாகக் கற்ற வாசிப்புத் திறனும் சிந்தனை முறையும் மற்ற மொழிக்குக் கைகொடுக்கும் என்பதே கம்மின்ஸின் மற்றொரு முக்கியக் கருத்து. வீட்டுப்பாடத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்துக் கொடுக்காமல், பாடத்தின் கருத்தை முதலில் வீட்டு மொழியில் பேசித் தெளிந்த பிறகு, பள்ளி மொழியில் குழந்தையே எழுதட்டும். மூன்றாவது மொழி ஒன்றைப் பள்ளி முன்வைத்தால், முதல் இரண்டிலும் குழந்தை தானாகவே ஒரு நூலை எடுத்து வாசிக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

ஒன்பதாம் படிக்கு முன்பே கேட்க வேண்டியவை

நடுநிலை முடியும் 14 வயதில் அடுத்த கட்டத்துக்கான பாடத் தேர்வு வருகிறது. கேம்பிரிட்ஜ் பள்ளிகளில் அது பொதுவாக, பாடவாரியான பொதுத்தேர்வுக்கான ஈராண்டு ஐ.ஜி.சி.எஸ்.இ. படிப்பு; ஐ.பி. பள்ளிகளில் எம்.ஒய்.பி.யின் பிற்பகுதியும், பின்னர் பள்ளியின் இறுதி ஈராண்டுக்கான டிப்ளமோவும். டிப்ளமோவில் இரண்டு மொழிகளை மொழி-இலக்கியப் பாடமாகப் படித்து உரிய தரம் பெறுபவருக்கும், தம் இலக்கிய மொழி அல்லாத மற்றொரு மொழியில் சமூக அறிவியல் அல்லது அறிவியல் பாடம் ஒன்றை உரிய தரத்தோடு முடித்தவருக்கும் இருமொழி டிப்ளமோ வழங்கப்படுகிறது. அதற்கான அடித்தளம் நடுநிலையில்தான் இடப்படுகிறது. வரலாற்றையோ உயிரியலையோ இரண்டாம் மொழியில் ஒருபோதும் படிக்காத மாணவர் பதினாறு வயதில் திடீரென்று அந்தப் பாதையில் இறங்க முடியாது.

எனவே ஏழாம் படியிலேயே பள்ளியிடம் மேல்வகுப்புப் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் மொழியில் அங்கே எந்தப் பாடங்கள் உள்ளன, அவற்றை எடுக்க நடுநிலையில் என்ன தரம் வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் பள்ளி மாற நேரலாம் என்ற குடும்பங்கள், ஆண்டுதோறும் மதிப்பெண் அறிக்கையோடு, ஒவ்வொரு பாடமும் எந்த மொழியில் வாரம் எத்தனை வேளை நடந்தது என்ற விவரத்தையும் பள்ளியின் முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. குழந்தையை எந்த வகுப்பில், எந்த மொழிப் பிரிவில் சேர்ப்பது என்று புதிய பள்ளி முடிவுசெய்யும்போது, தரங்களைவிட அந்த ஒரு தாளே அதிகம் பயன்படும்.